கடலுக்குத் தகுதியில்லை, ஊனமும் இல்லை

பாட்னா உயர்நீதிமன்றம் 2012 செப்டம்பரில் ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. அதன்படி பீகார்க்காரர் ஒருவரின் வங்கிக் கணக்கில் 2,67,270 ரூபாய் ஏறியது. உத்தரவில் இருந்த தொகை 2,75,000; வருமான வரிப் பிடித்தம் போக மிச்சம் அது. வாங்கியவர் 1988இல் இந்தியக் கப்பல் கழகத்தில் சேர்ந்த கடலோடி. கொடுத்தது அந்தக் கழகம். இருபது ஆண்டுகளுக்கு மேல் கப்பலில் உழைத்தவர் இதய நோயோடு கரையேறியபோது நிர்வாகம் தருவதாகச் சொன்னதே இந்த 2.75 லட்சம்தான். அதையும் வேலையிலிருந்து விடுவிக்கும்போது கொடுக்கும் தொகையாகத்தான் தந்தது. அவர் கேட்டது ஊன இழப்பீடு.

இந்த வழக்கின் தேதிகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2009இல் மருத்துவச் சோதனை நடந்து, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குக் கடல் பணிக்குத் தகுதியானவர் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். 2010 ஜூன் 18 அன்று குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் இருமல், வயிற்று வலி, கால் வீக்கம், மூச்சுத் திணறல் என்று அவர் புகார் சொல்கிறார். கப்பலிலிருந்து இறக்கி சிகிச்சைக்கு அனுப்புங்கள் என்கிறார் மருத்துவ அதிகாரி. கப்பல்காரர்கள் ‘சைன் ஆஃப்’ என்பார்களே, அது. 2011 மார்ச் 18 அன்று, இதயத் தசை தளர்ந்து அறைகள் விரிந்துவிட்டன, டைலேட்டட் கார்டியோமயோபதி, கடல் பணிக்கு நிரந்தரமாகத் தகுதியற்றவர் என்று மருத்துவ அறிக்கை எழுதப்பட்டது. ஏப்ரல் 12 அன்று மும்பையிலுள்ள கப்பல் துறை அலுவலகம் அவருடைய கடலோடிப் பதிவையே ரத்துசெய்தது. அக்டோபர் 7 அன்று கழகத்திலிருந்து கடிதம் வந்தது: உங்களுக்கு வந்திருப்பது உடலுறுப்பு சார்ந்த இயல்பான நோய், ஆகவே ஊன இழப்பீடு கிடையாது.

மார்ச் மாத அறிக்கையையும் அக்டோபர் மாதக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் விஷயம் விளங்கும். இந்த இதயத்தோடு இனி எந்தக் கப்பலிலும் கால் வைக்க முடியாது என்கிறது முதல் தாள். அதே இதயத்துக்குப் பணம் தர வேண்டிய அவசியமில்லை என்கிறது இரண்டாம் தாள். வேலையை எடுப்பதற்குப் போதுமானதாக இருந்த மருத்துவக் கருத்து, இழப்பீடு கொடுப்பதற்குப் போதவில்லை.

கடலோடிகளின் ஊன இழப்பீட்டுத் தகராறுகள் உலகெங்கும் இந்த முடிச்சில்தான் வந்து சிக்குகின்றன. இந்தியாவில் அது எப்படி விழுந்தது, பிலிப்பைன்ஸ் அதை எப்படி அவிழ்க்கப் பார்த்தது என்பதைச் சேர்வராயன் மலையிலிருந்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன். மலையில் இருந்துகொண்டு கடலைப் பற்றிப் பேசுவதா என்று கேட்கலாம். அந்தக் கடலோடியின் சொந்த ஊரான கயாவுக்கும் கடல் கிடையாது. அதுதான் அந்த வழக்கின் அரைவாசி.

கழகத்தின் தலைமையகம் மும்பையில். மருத்துவச் சோதனை, பதிவு ரத்து, மறுப்புக் கடிதம் எல்லாம் அங்கிருந்து வந்தவை. எனவே வழக்கையும் அங்கேதான் போட வேண்டும் என்று சொல்லி, இடைக்காலத் தொகையைக் கொடுக்க வைத்த அதே பாட்னா நீதிமன்றம் பிறகு மனுவைத் தள்ளிவிட்டது. தன் எல்லைக்குள் வழக்கின் காரணம் துளிகூட எழவில்லை என்பது அதன் முடிவு. 2014 ஆகஸ்ட் 7 அன்று உச்சநீதிமன்றம் இதை மாற்றியது. மறுப்புக் கடிதம் அவருடைய ஊர் முகவரிக்கு வந்திருக்கிறது, அவர் எழுதிய கோரிக்கைகள் அங்கிருந்து போயிருக்கின்றன, வேலையை இழந்து நோயோடு அவர் உட்கார்ந்திருப்பதும் அங்கேதான்; ஆகவே வழக்கின் காரணத்தில் ஒரு பகுதி பீகாரிலும் எழுகிறது என்றது. பாட்னாவே விசாரிக்கலாம்.

சேர்வராயன் மலையிலுள்ள கிளியூரைப் போன்ற ஓர் ஊருக்கு இந்தத் தீர்ப்பு மிக முக்கியம். ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் தண்ணீர் போய் விழுகிற அருவிக்குப் பெயர் கொடுத்த ஊர். இங்கிருந்து சேலத்துக்கு இறங்கவே 20 கொண்டை ஊசி வளைவுகள். கீழே போனாலும் கடலைப் பார்க்க இன்னும் சில மணி நேரப் பயணம். இங்கேயிருந்து ஒரு பையன் சென்னையில் படித்துவிட்டுக் கப்பலேறினான், இடுப்பு உடைந்து திரும்பி வந்தான் என்று வைத்துக்கொள்வோம். மும்பையில் வக்கீல் பிடித்து, வாய்தாவுக்கு வாய்தா ரயிலேற அவனால் முடியாது. மறுப்புக் கடிதம் கிளியூர்த் தபால்காரர் கையால் வந்திருந்தால் சென்னை உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்ட அவனுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2011 மார்ச்சில் தகுதியிழந்தவருக்கு 2014 ஆகஸ்டில் கிடைத்தது, எந்த ஊரில் வழக்காடலாம் என்பதற்கான விடை மட்டுமே. நோய்க்குக் கப்பல் வேலை காரணமா, ஊனம் எவ்வளவு, தொகை எவ்வளவு என்ற கேள்விகளை அதற்குப் பிறகுதான் தொட முடியும்.

நோயுற்ற மாலுமியைக் கவனிப்பது கப்பல்காரர் கடமை என்பது மிகப் பழைய விதி. பிரான்சின் மேற்குக் கரையோரத் தீவான ஒலெரோனின் பெயரில் இடைக்காலத்திலிருந்து வழங்கிவரும் கடல் விதிகளில் இது இருக்கிறது. மாலுமி நோயில் விழுந்தால் அவனைக் கரையில் இறக்கி ஒரு வீடு பிடித்துக் கொடுக்க வேண்டும், இரவில் எரிக்க மெழுகுவர்த்தி கொடுக்க வேண்டும், பார்த்துக்கொள்ளக் கப்பல் பையனையோ கூலிக்கு ஒரு பெண்ணையோ அமர்த்த வேண்டும். நோய் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அதில் பெரிதாக இல்லை; கப்பல் பணியில் இருக்கும்போது வந்தது என்பது போதும். 1936இன் சர்வதேச தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கையும், இந்தியா 2015 அக்டோபரில் ஏற்ற 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையும் இதே மரபில் வந்தவைதான். சிகிச்சைச் செலவுக்கு நாடுகள் உச்ச வரம்பு வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது 16 வாரத்துக்குக் குறையக் கூடாது என்கின்றன. சிகிச்சை வரையில் பெரிய சிக்கலில்லை. குணமாகாது என்று தெரிந்த பிறகு கொடுக்க வேண்டிய பணத்தில்தான் சண்டை.

இந்தியச் சட்டத்தில் அந்தப் பணத்துக்கான கணக்கு 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் தொடங்குகிறது. இப்போது அது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. நூறு ஆண்டுத் தீர்ப்புகளெல்லாம் பழைய பெயரில் இருப்பதால் நானும் பழைய பெயரையே சொல்கிறேன். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து ஆளும் கப்பலில் எஞ்சின் துடைக்கும் ஆளும் இந்த ஒரே சட்டத்தின் ஒரே அட்டவணையில் பணியாளர்களாக வருகிறார்கள். வேலைக்கு இடையில், வேலையின் காரணமாக நேர்ந்த விபத்துக் காயம் என்றால் முதலாளி கொடுத்தாக வேண்டும். நோய் என்றால், சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இன்னின்ன தொழிலுக்கு இன்னின்ன நோய் என்று இருக்கும் பட்டியலில் அது இருக்க வேண்டும். இல்லையேல் வேலையோடு நேரடித் தொடர்பைக் காட்ட வேண்டும். இதயத் தசை நோய் அந்தப் பட்டியலில் இல்லை. கிருமித்தொற்று, குடி, பரம்பரை, நீண்டகால ரத்த அழுத்தம் என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. பல நோயாளிகளில் காரணமே பிடிபடுவதில்லை. காரணம் பிடிபடாத நோயில், யார் நிரூபிக்க வேண்டும் என்பதே வழக்கின் முடிவைத் தீர்மானித்துவிடும். நோயாளிதான் நிரூபிக்க வேண்டுமென்றால் அவர் தோற்பார், வேறு வழியில்லை.

விபத்து என்று ஒத்துக்கொண்டால் மட்டும் கதை முடிந்துவிடுமா? அங்கே சதவீதம் காத்திருக்கிறது. சட்டத்தின் முதல் அட்டவணை உடம்பைத் துண்டு துண்டாக விலை பேசுகிறது. கட்டைவிரல் போனால் 30 சதவீதம். ஆட்காட்டி விரல் முழுதும் போனால் 14. ஒரு கண் போய் மற்றது நன்றாக இருந்தால் 40. காது முற்றிலும் கேளாமல் போனால் 100. தொகைக்கு ஒரு சூத்திரம் உண்டு: மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அந்த எண் 184.17. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்கில் 15,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்ற வரம்பு 2020 ஜனவரியிலிருந்து. அதற்கு முன்னால் 8,000. ஆக 40 வயதுக்காரருக்கு முழு ஊனத்துக்கு அதிகபட்சம் 16,57,530 ரூபாய். ஆட்காட்டி விரலுக்கு அதில் 14 சதவீதம், சுமார் 2.32 லட்சம். மாதம் லட்சத்துக்கு மேல் சம்பாதிக்கும் கப்பல் அதிகாரிக்கும் மலைத் தோட்டத்து ஆளுக்கும் இதே உச்சவரம்புதான். சமத்துவம் என்று மெச்சிக்கொள்ள முடியாத ஒரு சமத்துவம்.

அட்டவணையில் இல்லாத காயங்கள்தான் அதிகம். முதுகெலும்புத் தட்டு நழுவியது, தோள்மூட்டு மேலே தூக்க முடியாமல் போனது, முழங்கால் மடங்காதது. இவற்றுக்குச் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதைத் தகுதிபெற்ற மருத்துவர் மதிப்பிட வேண்டும் என்கிறது சட்டம். இந்த ஒரு வரியைத்தான் நான் பெரிய கோளாறாகப் பார்க்கிறேன். மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று எலும்பு மருத்துவர் சொல்லலாம். அந்த மனிதனுக்கு இனி யார் வேலை கொடுப்பார்கள் என்று அவர் எப்படிச் சொல்வார்? அவர் படித்த படிப்பு அதற்கில்லை.

இதை உச்சநீதிமன்றமே இரண்டு இடங்களில் தொட்டிருக்கிறது. ஒடிசாவின் ஜெய்ப்பூரில் ஒரு சினிமாக் கொட்டகையில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்து இடது கையை இழந்தார். கை ஒன்று போனதற்கு இத்தனை சதவீதம் என்று அட்டவணையைக் காட்டினார் கொட்டகைக்காரர். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு ஊனம் என்றது 1975 டிசம்பரில் நான்கு நீதிபதிகள் அமர்வு. 2010 அக்டோபரில் ஒரு மோட்டார் வாகன வழக்கில் நீதிமன்றம் இன்னும் தெளிவாகப் பேசியது. இடது கை போன ஓட்டுநருக்கு வருமானம் கிட்டத்தட்ட முழுவதும் போகும், அரசு எழுத்தருக்கு வேலை போகாமலே இருக்கலாம். ஊனத்தின் அளவை மருத்துவர் சொல்லட்டும், வருமான இழப்பைத் தீர்ப்பாயம் தீர்மானிக்கட்டும் என்றது. அந்தத் தீர்ப்பு மறுபக்கத்தையும் விடவில்லை. சிகிச்சையே பார்க்காமல், கேட்ட சதவீதத்தைத் தயாராக எழுதிக்கொடுக்கும் மருத்துவர்களிடம் எச்சரிக்கையாக இருக்கச் சொல்லிற்று. கப்பல் நிறுவனங்கள் தரப்பில் எழும் புகாரும் அதுதான். ஊரிலிருக்கும் தெரிந்த டாக்டரிடம் போய் 60, 70 என்று வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள் என்கிறார்கள். அதில் பொய்யில்லை. கம்பெனி டாக்டர் எழுதும் 10, 15 என்ற எண்களிலும் அதே அளவுக்குச் சந்தேகப்பட இடமிருக்கிறது என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை.

கப்பலேறும் முன் செய்யும் சோதனையிலிருந்தே இந்தச் சந்தேகம் ஆரம்பிக்கிறது. ‘மெடிக்கல் போடுவது’ என்று கப்பல்காரர்கள் சொல்வார்கள். கப்பல் துறைத் தலைமை இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவர், கண், காது, நிறம் பிரித்தறிதல், நுரையீரல், இதயம், ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்து ‘ஃபிட்’ என்று எழுதுகிறார். சான்றிதழுக்கு ஆயுள் அதிகபட்சம் இரண்டு ஆண்டு. ஆள் நோயோடு திரும்பினால் இந்தத் தாளை இரு தரப்பும் இழுக்கும். ஏறும்போது நன்றாக இருந்தவன், ஆகவே நோய் கப்பலில்தான் வந்தது என்பார் வக்கீல். அந்தச் சோதனை மேலோட்டமானது, உள்ளே இருந்த நோயைக் காட்டியிருக்காது என்பது நிறுவனத்தின் பதில். ஆளை வேலைக்கு அனுப்பும்போது நம்பகமாக இருந்த சோதனை, பணம் கொடுக்கும்போது மேலோட்டமானதாகிவிடுகிறது. பீகார்க்காரரின் வழக்கிலும் இந்த இடைவெளியைக் காணலாம். 2009இல் இரண்டு ஆண்டுக்குத் தகுதி என்று எழுதிய சான்றிதழ் காலாவதியாகும் முன்பே மூச்சுத் திணறல் வந்துவிட்டது.

உலகின் மிகப் பெரிய கடலோடி நாடான பிலிப்பைன்ஸில் இந்தத் தகராறுகள் தனி வழக்குக் கலையாகவே வளர்ந்துவிட்டன. 2021இல் கப்பல் முதலாளிகளின் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டில் உலகக் கடலோடிகள் 18.9 லட்சம் பேர். முதலிடம் பிலிப்பைன்ஸ், முதல் ஐந்தில் இந்தியாவும் உண்டு. பிலிப்பைன்ஸில் அரசே ஒரு நிலையான வேலை ஒப்பந்தத்தை விதித்திருக்கிறது. எந்தக் கப்பலில் போனாலும் அதற்குக் குறைந்து கையெழுத்திட முடியாது. காயத்துக்கும் நோய்க்கும் 1 முதல் 14 வரை தரங்கள். முதல் தரத்துக்கு 60,000 அமெரிக்க டாலர். பட்டியலில் இல்லாத நோயானாலும் பணிக்காலத்தில் வந்தால் அது வேலையால் வந்ததாகவே முதலில் கொள்ளப்படும். இல்லை என்று காட்டுவது கம்பெனியின் பாடு. இந்தியாவில் கதவை அடைத்த கேள்வி அங்கே பாதி திறந்தபடி இருக்கிறது. பாதிதான், ஏனென்றால் நோய்க்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை ஓரளவு காட்டுமாறு அங்குள்ள நீதிமன்றங்களும் கடலோடியைக் கேட்கத்தான் செய்கின்றன.

அதைவிட என்னைக் கவர்ந்தது அங்குள்ள கெடு. ஊர் திரும்பிய மூன்று வேலை நாட்களுக்குள் கடலோடி கம்பெனி மருத்துவரிடம் ஆஜராக வேண்டும். தவறினால் உரிமை போகும். அதற்கு ஈடாக மருத்துவருக்கும் ஒரு கெடு உண்டு. 120 நாட்களுக்குள் அவர் முடிவான தரத்தை எழுதியாக வேண்டும். இன்னும் சிகிச்சை தேவை என்று உரிய காரணம் காட்டினால் 240 நாள் வரை நீட்டிக்கலாம். அதற்குள்ளும் தெளிவாக எழுதாவிட்டால் அந்த ஊனம் முழுமையானது, நிரந்தரமானது என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். 2005, 2008, 2015 என்று அவர்களுடைய உச்சநீதிமன்றம் இந்த எண்களை மாற்றி மாற்றி இழைத்துத்தான் இந்த நிலைக்குக் கொண்டுவந்தது. இந்த விதியால் இழுத்தடிப்பதன் செலவு மருத்துவரையும் அவருக்குப் பணம் தரும் கம்பெனியையும் சேர்கிறது. நம் 1923 சட்டத்தில், விபத்து அறிவிப்பு வந்த மூன்று நாளுக்குள் முதலாளி இலவசமாகச் சோதனை செய்ய முன்வந்தால் தொழிலாளி உடன்பட வேண்டும் என்று இருக்கிறது. பணத்தை உரிய நேரத்தில் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டியும், நியாயமான காரணம் இல்லையென்றால் பாதி வரை அபராதமும் உண்டு. ஆனால் மருத்துவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருக்கலாம் என்பதற்கு அதில் எல்லை இல்லை.

இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னால்? மூன்றாம் மருத்துவர். சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பின் கூட்டு ஒப்பந்தங்களிலும் பிலிப்பைன்ஸ் ஒப்பந்தத்திலும் இந்த வழி உண்டு. கம்பெனி மருத்துவர் ஒரு தரம் எழுதி, கடலோடி பார்த்த மருத்துவர் அதை மறுத்தால், இரு தரப்பும் சேர்ந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவர் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும். கேட்பதற்கு நம்மூர்ப் பஞ்சாயத்துபோல நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில், மூன்றாம் மருத்துவரைக் கேட்க வேண்டிய பொறுப்பு கடலோடியுடையது என்று 2013இல் மணிலாவின் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. கேட்காமல் நேராக வழக்குப் போட்டால் கம்பெனி மருத்துவர் சொன்னதே நிற்கும். கேட்க வேண்டும் என்று அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

வழக்குக்கு ஆள் பிடிக்கும் தரகர்களும் அங்கே பெருகினார்கள். மருத்துவமனை வாசலில் நின்று கடலோடியின் தோளில் கை போடும் வக்கீல்களைக் கட்டுப்படுத்த 2015இல் தனிச் சட்டமே போட்டு, கட்டணத்தை 10 சதவீதத்துக்குள் நிறுத்தினார்கள். முதலாளிகளுக்கும் ஒரு குறை இருந்தது. தொழிலாளர் ஆணையத்தில் தோற்று, பணத்தைக் கட்டி, மேல்முறையீட்டில் ஜெயித்தால் கொடுத்த பணம் திரும்ப வருவதில்லை. 2024 செப்டம்பரில் கையெழுத்தான கடலோடிகள் சாசனச் சட்டத்தில், தகராறில் இருக்கும் தொகையைக் கையில் வாங்கக் கடலோடி பிணை கட்ட வேண்டும் என்ற பிரிவு நுழைந்தது இப்படித்தான். முழங்கால் போனவனைப் பிணைக்கு ஆள் தேடச் சொல்வதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கெடு வைத்து முன்னால் போன நாடு பிணை வைத்துப் பின்னால் வந்திருக்கிறது.

இதே விஷயத்தில் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் 2014ஆம் ஆண்டுத் திருத்தம் எதிர்த் திசையில் போகிறது. 2017 ஜனவரி 18 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. நீண்டகால ஊனத்துக்கும் சாவுக்கும் ஒப்பந்தப்படி தர வேண்டிய தொகைக்குக் கப்பல் முதலாளி காப்பீடு காட்ட வேண்டும். அதன் சான்றிதழ் கப்பலில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் தொங்க வேண்டும். குறைந்த தொகையை வாங்கிக்கொள்ளச் சொல்லி நெருக்கக் கூடாது. ஊனம் எவ்வளவு என்பதை உடனே மதிப்பிட முடியாவிட்டால், ஆள் கஷ்டப்படாமலிருக்க இடைக்காலத் தொகை கொடுத்தாக வேண்டும். 2012இல் பாட்னா நீதிமன்றம் தன் விருப்புரிமையில் செய்ததை ஒரு சர்வதேச விதியே இப்போது கேட்கிறது. உரிமம் பெற்ற ஏஜென்ட் வழியாகப் போனவர்களுக்கு இதைப் பிடித்துக்கொள்ள ஒரு முனை இருக்கிறது. உரிமம் இல்லாத ஏஜென்டிடம் பணம் கொடுத்து, கொடி எந்த நாட்டுடையது என்றே தெரியாத கப்பலில் ஏறியவனுக்கு, காப்பீட்டுத் தாள் எந்தச் சுவரில் தொங்குகிறது என்பதெல்லாம் பயனில்லாத செய்தி.

இனி நான் சொல்ல வந்த இடம். சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பின் ஒப்பந்தங்களில் ஒரு நல்ல விதி உண்டு. ஊனம் 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் ஆள் இனிக் கடலுக்கு ஆகமாட்டார் என்று கருதி முழுத் தொகையும் தர வேண்டும். 50க்குக் குறைவாக இருந்தாலும், எந்தப் பணியிலும் கடலுக்குப் போக முடியாது என்று மருத்துவர் சான்று தந்தால் அப்போதும் முழுத் தொகை. தச்சருக்கு உச்சநீதிமன்றம் சொன்ன நியாயம்தான் இது. தொழில் போனால் முழுதும் போனதாகவே கணக்கு. ஆனால் இந்த விதியும் ‘கடலுக்குத் தகுதியில்லை’ என்று எழுதும் கையை நம்பியிருக்கிறது. பணம் கொடுக்க வேண்டிவரும் என்று தெரிந்தால் அந்தக் கை தயங்கும். எழுதாமலே விட்டு, அடுத்த ‘மெடிக்கல்’லில் வேறொரு மருத்துவர் ‘அன்ஃபிட்’ என்று அடித்தால், வேலையும் இல்லை, பணமும் இல்லை.

இதற்கான அளவுகோல் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை, ஏற்கெனவே இருக்கிறது. எஸ்.டி.சி.டபிள்யூ என்று கப்பல்காரர்கள் சொல்லும் சர்வதேசப் பயிற்சி, சான்றிதழ் விதித்தொகுப்பில், கப்பலில் ஒரு மனிதன் உடம்பால் என்னென்ன செய்ய முடிய வேண்டும் என்று ஓர் அட்டவணை வைத்திருக்கிறார்கள். செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறி இறங்க வேண்டும். 600 மில்லிமீட்டர் வரை உயரமுள்ள கதவு நிலைப்படியைத் தாண்ட வேண்டும். 600க்கு 600 மில்லிமீட்டர் அளவுள்ள துளை வழியாக உடம்பை நுழைத்துப் போக வேண்டும். 18 கிலோ அளவுக்குச் சுமையைத் தூக்கி, இழுத்து, சுமந்து போக வேண்டும். நான்கு மணி நேரக் காவல் பணியில் நின்றுகொண்டே விழிப்பாக இருக்க வேண்டும். தீ அணைக்கும்போது சுவாசக் கருவியை மாட்டிக்கொண்டு வேலை செய்ய வேண்டும். தகுதிச் சான்றிதழ் கொடுக்கும் மருத்துவர்களுக்காக சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சர்வதேசக் கடல்சார் அமைப்பும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட வழிகாட்டியிலும் இதே அட்டவணை உண்டு. ஒருவனைக் கப்பலில் ஏற்றலாமா கூடாதா என்று பார்க்க இதைக் கையில் வைத்திருக்கிறோம். அவன் இழந்தது எவ்வளவு என்று பார்க்கும்போது மட்டும் இதை மூடி வைத்துவிட்டு, மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்ற வேறொரு கணக்குக்குப் போகிறோம். பீகார்க்காரரின் இரண்டு தாள்களும் ஒன்றையொன்று மறுத்ததும் இதனால்தான். ஏற்றுவதற்கு எந்த அளவுகோலோ இழப்பீட்டுக்கும் அதே அளவுகோல் என்று வைத்தால், இதய நோய்க்குக் கப்பல் காரணமா என்ற சண்டை வேண்டுமானால் மிஞ்சும். ஊனம் எவ்வளவு என்ற சண்டை பெருமளவு தீர்ந்துவிடும்.

தகுதியில்லை என்று சான்றிதழ் மறுக்கப்பட்டால் சுயேச்சையான இன்னொரு மருத்துவரிடம் மறுசோதனை கேட்கும் உரிமையைக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை தந்திருக்கிறது. அந்த மறுசோதனை மருத்துவரே, அதே நாளில், அதே அட்டவணைப்படி, இழப்பீட்டுக்கான மதிப்பீட்டையும் எழுதினால் என்ன? கம்பெனி டாக்டர், சொந்த டாக்டர், மூன்றாம் டாக்டர் என்ற வரிசை தேவைப்படாது.

கிளியூர்ப் பையனின் கதைக்கு இன்னொரு முறை வருகிறேன். பழைய சட்டத்தின் 21ஆம் பிரிவு, இழப்பீடு கேட்பவர் தான் வழக்கமாக வசிக்கும் இடத்திலுள்ள ஆணையரிடமே மனு கொடுக்க இடம் தந்தது. புதிய தொகுப்பிலும் அந்த வசதி இருக்கிறது. ஆக அவன் சேலத்திலுள்ள ஆணையரிடம் மனு கொடுக்கலாம். மருத்துவ வாரியம் என்றால் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே எலும்புப் பிரிவில் இருப்பவர்களுக்குச் சேர்வராயன் மலை ஆட்களின் காயங்கள் பழக்கம். சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகுக் கொடியில் காய் பறிக்க மூங்கில் ஏணி வைத்து ஏறி விழுந்தவர்கள் வருகிறார்கள். அந்த ஏணி எவ்வளவு உயரம், இடுப்பு பிசகினால் மறுபடி ஏற முடியுமா என்பது மருத்துவருக்குக் கேட்காமலே தெரியும். எஞ்சின் அறை ஏணியை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. இடுப்பு வலியோடு தரையில் நடந்து காட்டும் ஆளைப் பார்த்து 15 சதவீதம் என்று அவர் எழுதினால் அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் முன்னால் வைத்த கோப்பில் எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, காப்பீட்டுக் கம்பெனியின் கடிதம் எல்லாம் இருக்கும். ஆள் என்ன வேலை செய்தான் என்ற இடத்தில் ‘சீமேன்’ என்ற ஒரே சொல் இருக்கும்.

அந்த ஒரு சொல்லுக்குப் பதிலாக மேலே சொன்ன அட்டவணையை நிரப்பி வைக்கலாம். கப்பலிலிருந்து இறங்கும்போதே, மருத்துவக் குறிப்பேட்டின் பக்கத்தையும், கேப்டன் கையெழுத்திட்ட பணி விவரத்தையும், ஏறும்போது கிடைத்த தகுதிச் சான்றிதழின் நகலையும் கேட்டு வாங்கிக்கொண்டு வர வேண்டும். மாத்திரை கேட்ட ஒவ்வொரு முறையும் குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதச் சொல்ல வேண்டும். ‘சின்ன வலிதானே’ என்று விட்டதுதான் பிறகு, ‘கப்பலில் இருந்தபோது புகார் எதுவும் சொல்லவில்லை’ என்ற வாதமாகத் திரும்பி வரும். மதிப்பிடும் மருத்துவரிடம், எத்தனை சதவீதம் என்பதோடு இந்த அட்டவணையில் எவையெல்லாம் இவனால் இனிச் செய்ய முடியாது என்பதையும் வரிவரியாக எழுதித் தரும்படி மனுவிலேயே கேட்கலாம். ஆணையர் அதை வாங்கிப் பார்க்கத் தடையேதும் இல்லை. தொழில் முழுதும் போனதா என்று கேட்க, ஜெய்ப்பூர்த் தச்சரின் தீர்ப்பு 1975லிருந்து இருக்கிறது.